ஆரம்ப சூரர்களும் அறுபத்தாறு நாட்களும்

தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் மாலை ஐந்து மணிக்குப் பின், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரப் பாதைக்குச் சென்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். புதுச் சப்பாத்தும் புதுக் காற்சட்டையுமாகக் கைகளை வீசி, மூச்சு வாங்கி, வியர்வை வழிய நடப்போர் கூட்டம் ஒன்று கோட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கும். மாசி பிறக்கும், கூட்டம் பாதியாகும். பங்குனி வெயில் ஏறும்போது எஞ்சி நிற்பவர்கள் பழைய நடைகாரர் சிலரே. தேய்ந்த செருப்பும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக வரும் அவர்களைப் பார்த்தால் தேகாப்பியாசம் செய்கிறவர்கள் என்றே தோன்றாது. ஏதோ அலுவலாகப் போகிறவர்கள் போல நடந்து, அலுவல் முடிந்தவர்கள் போல வீடு திரும்புவார்கள்.

முதலிற் சொன்ன கூட்டத்தில் மூன்று முறை நானும் இருந்திருக்கிறேன். மூன்றாம் முறை வாங்கிய சப்பாத்து விலை கூடியது. விலை கூடிய பொருளை வீணாக்க மனம் வராது என்று கணக்குப் போட்டே அதனை வாங்கினேன். நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் என் மனைவி விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட சப்பாத்துக்குள்ளை பல்லி முட்டை இட்டிருக்குது. எடுத்து எறியட்டோ, அல்லது குஞ்சு பொரிக்குமட்டும் விடட்டோ?”

“விடும்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இதனை நகைச்சுவையாகச் சொல்கிறேனாயினும், எங்கள் வீட்டில் இது நகைப்புக்குரிய விடயமன்று. என் தந்தையாருக்குச் சலரோகம் இருந்தது. மாத்திரைகளைத் தவறாது எடுத்தார். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மட்டும் ‘நாளைக்கு’ என்று தள்ளிக்கொண்டே வந்தார். இந்த நோய் நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போகும் என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஒரு திருவிழாக் காலத்தில் வெறுங்காலோடு வீதி சுற்றி வந்தவருக்குக் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. அவர் அதை உணரவில்லை. அம்மா கண்டபோது புண் நான்கு நாட் பழையது. முதலில் இரு விரல்களை எடுத்தார்கள். ஆறு மாதத்தின் பின் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். உத்தியோக காலம் முழுவதும் துவிச்சக்கரவண்டியில் கந்தோருக்குச் சென்றுவந்த மனிதர், கடைசி ஐந்து ஆண்டுகளைச் சாய்மனைக் கதிரையிற் கழித்தார்.

அவருடைய தந்தையார், அதாவது என் பாட்டனார், தோட்டக்காரர். தேகாப்பியாசம் என்ற சொல்லை அவர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் உச்சரித்திருப்பாரோ என்பது ஐயம். விடியுமுன் கிணற்றடிக்குப் போவார். ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சாய்க்க, இவர் மேலே துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார். மணித்தியாலக் கணக்காக இந்த நடை. துலா மிதித்த அந்தத் தலைமுறைக்கு வேலையும் அப்பியாசமும் வேறு வேறாக இருக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா கழன்றது. தோட்டக்காரனின் முதுகு வலியும் அதனோடு கழன்றதென்பதை நாம் மறத்தலாகாது. எனினும் அந்த நடையைத் திருப்பிக் கொடுக்கும் வேறொன்றை யாரும் அவன் வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை.

இவ்விடத்தில் இலண்டன் மாநகரத்துப் பஸ் வண்டிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஜெரமி மொறிஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளர், அந்நகரின் இரட்டைத் தட்டுப் பஸ்களில் வேலை செய்வோரின் நோய்க் கணக்குகளை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். சாரதியும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரத்தில் இருப்பவர்கள். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ மேற்றட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் பிந்திய வயதிலேயே வந்தது. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் கடிதம் விநியோகிக்கும் தபாற்சேவகர்களையும், மேசையில் அமர்ந்து வேலை செய்யும் தபால் உத்தியோகத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே காணப்பட்டது.

உடனே ஒரு கேள்வி எழும்: பருத்தவர்கள்தாம் சாரதி வேலையைத் தேடிப் போனார்களோ? மொறிசும் கூட்டாளிகளும் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. ஊழியருக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் அதனையும் வெளியிட்டார்கள். சாரதிகளின் இடுப்பு இளமையிலேயே சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. ஆயினும் ஒத்த இடுப்பளவு உடையவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களே தப்பினார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. காற்சட்டையின் இடுப்பளவிலிருந்து ஆயுட்கணக்கை வாசித்த இந்த ஆராய்ச்சியை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்; சிரித்துவிட்டு மறவாமலும் இருப்பார்கள். 1910இற் பிறந்த மொறிஸ் 2009இல், 99 வயதில் காலமானார்.

படி ஏறவேண்டும் என்று அந்த நடத்துநர்கள் ஒருநாளும் தீர்மானம் எடுக்கவில்லை என்பதே இதில் என்னைக் கவர்ந்த விடயம். மேற்றட்டிற் பிரயாணி இருக்கிறான், ரிக்கற் கொடுக்கவேண்டும், ஆகவே ஏறினார்கள். தேவை அவர்களை நடத்தியது.

தேவை நம்மையும் இருமுறை நடத்தியது. 1990இற் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் பத்து வயதுக்குட்பட்ட பையன். பெற்றோல் என்பது மருந்துச் சீசாவில் அளந்து வைக்கும் பொருளாக இருந்தது. குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஓடியது. விறகும் அரிசி மூட்டையும் நோயாளியும் பிரேதமுங்கூட அதிற் போனதைக் கண்டிருக்கிறேன். அதனை ஓர் ஆரோக்கியக் காலம் என்று புகழ எனக்கு மனம் வராது. பசியோடும் பயத்தோடும் மிதித்த மிதி அது.

இரண்டாவது முறை 2022ஆம் ஆண்டு. எரிபொருள் வரிசைகள் தெருத் தெருவாக நீண்டபோது, என் மோட்டார்ச் சைக்கிளைச் சாக்கினால் மூடிவிட்டுத் தந்தையாரின் பழைய வண்டியைத் துடைத்து எண்ணெய் பூசினேன். கல்லூரிக்கு ஐந்து கிலோ மீற்றர். முதல் வாரம் தொடை வலித்தது. மூன்றாம் வாரம் வலி போயிற்று. இரண்டு மாதத்தில் காற்சட்டைக்கு இடுப்புவார் தேவைப்பட்டது. இரவில் நல்ல நித்திரை. இனி வாழ்நாள் முழுவதும் இப்படியே என்று ஆசிரியர் அறையில் நான் பிரசங்கம் செய்ததை நண்பர்கள் இன்றும் நினைவூட்டுகிறார்கள். பிறகு கைத்தொலைபேசியிற் காட்டும் குறியீட்டுக்குப் பங்கீட்டுப் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியது. முதலில் மழை நாட்களில் மட்டும் மோட்டார்ச் சைக்கிள் என்றேன். பிறகு பரீட்சைக் காலம் என்றேன். 2023ஆம் ஆண்டில் தந்தையாரின் வண்டி மீண்டும் விறாந்தை மூலையில், காற்றுப்போன சில்லோடு நின்றது. கட்டாயத்தினால் வந்த பழக்கம் கட்டாயத்தோடு போய்விட்டது. நானாகத் தெரிந்தெடுத்த பழக்கம் என்று ஒன்று என்னிடம் இருக்கவேயில்லை.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எடுத்த பரிசோதனையில், வெறுவயிற்றுச் சீனியின் அளவு 118 மில்லிகிராம். 126க்கு மேற் போனால் நீரிழிவு என்பார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. தந்தையாருக்கு நோய் கண்ட வயதுக்கு இன்னும் ஏழாண்டு இருந்தது. வைத்தியர் என் பழைய மாணவர்களில் ஒருவர். கடதாசியைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“சேர், இப்போதைக்கு மருந்து தரமாட்டன். கிழமைக்கு நூற்றைம்பது நிமிசம் நடவுங்கோ. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலை முழுக்கணக்கையும் தீர்க்கப் பார்ப்பியள். அது சரிவராது.”

அது ஏன் சரிவராது என்பதை அவர் விளக்கினார். நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சீனியை இழுத்து எரிக்கின்றன. அந்த வேளையில் இன்சுலினின் தயவு கூட அவற்றுக்கு அதிகம் வேண்டியதில்லை. நடை முடிந்த பின்னும் உடல் இன்சுலினுக்கு இணங்கி நடக்கிறது. ஆனால் இந்த இணக்கம் ஒன்றிரண்டு நாட்களில் மங்கிவிடும். அதனாற்றான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடையை விடலாகாது என்று நீரிழிவு வைத்திய சங்கங்கள் ஆலோசனை கூறுகின்றன. கிழமை முழுவதற்குமான சோற்றை ஞாயிற்றுக்கிழமையில் உண்ண முடியாதது போன்றதே இதுவும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரை அமெரிக்காவில் மூன்று பிரிவாக வகுத்து ஆராய்ந்த முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாரம் 150 நிமிட நடையும் சிறிது எடைக் குறைப்பும் மேற்கொண்டவர்களிடையே நீரிழிவு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களிடையே 31 வீதமே குறைந்தது. நம் நாட்டிலும் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவர் நீரிழிவோடோ அதன் வாசலிலோ நிற்பதாக 2008இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. ஒரு கலியாணப் பந்தியில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஆக, எதைச் செய்யவேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. எப்படி விடாமற் செய்வது என்பதே தெரியவில்லை. இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த இருபத்தொன்றின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், மக்ஸ்வெல் மோல்ற்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1960ஆம் ஆண்டில் எழுதிய நூல் ஒன்றில் வந்து நிற்கும். முகத்தைத் திருத்தியமைத்துக் கொண்டவர்கள் கண்ணாடியிற் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது இருபத்தொரு நாளாவது செல்கிறது என்று அவர் எழுதினார். மூக்குக்குச் சொன்னதைக் காலுக்குச் சொன்னதாக உலகம் எடுத்துக்கொண்டது!

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2010ஆம் ஆண்டில் அச்சேறியது. ஒவ்வொருவரும் ஒரு சிறு காரியத்தைத் தெரிந்து, ‘காலைச் சாப்பாட்டுக்குப் பின்’ என்பது போல நாளாந்தம் நடைபெறும் ஒன்றோடு அதை முடிந்துகொண்டார்கள். யோசியாமலே கை தானாகச் செய்யும் நிலை வரச் சராசரியாக 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள்வரை செல்லும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவிற் படிந்தன. அப்பியாசம் பிந்தியே படிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்ற முடிவே எனக்குப் பெரும் ஆறுதல் தந்தது. நாற்பதாம் நாளில் சப்பாத்தைப் பல்லிக்குக் கொடுத்தவன் நான். அன்று எனக்குத் தடிமன். இரண்டு நாள் படுத்தேன். ‘சரி, குலைந்துவிட்டது’ என்று மூன்றாம் நாளும் எழும்பவில்லை. குலைத்தது தடிமன் அன்று.

இம்முறை விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் இரவில் விடைத்தாள் திருத்துகிறவன். அதிகாலை எனக்குப் பகை. மேலும் எங்கள் ஒழுங்கையிற் கட்டாக்காலி நாய்களின் ஆட்சி ஆறு மணிவரை நடைபெறுகிறது. மாலை ஐந்தரைக்குத் தேநீர் குடிப்பது எனக்கு இருபதாண்டுப் பழக்கம். அந்தக் கோப்பையைக் கீழே வைத்ததும் செருப்பை மாட்டுவது என்று முடிந்துகொண்டேன். முதற் பதினைந்து நாள் பத்து நிமிடந்தான் நடந்தேன். வாசிகசாலைவரை போய்த் திரும்பினேன். இது ஒரு நடையா என்று மனம் பழித்தது. பழித்தாலும் கோப்பை, செருப்பு, படலை என்ற வரிசை மாறவில்லை.

துணையும் வாய்த்தது. அயல்வீட்டில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் இருந்தார். அவருக்கு இலண்டன் தபாற்சேவகர் கதையைச் சொன்னபோது, “அப்ப தம்பி, நான் மேசைப் பக்கத்து ஆள். இருந்த கடனை இப்ப நடந்து தீர்ப்பம்” என்று சொல்லிக் கூட வந்தார். ஐந்தரைக்கு அவருடைய பொல்லு படலையிற் தட்டும். மழை மூட்டமாக இருக்கிறது, தலை இடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லக்கூடிய சாட்டுகளை அந்தப் பொல்லுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் தவறாமல் நடந்து சென்று வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைக்குப் போக மோட்டார்ச் சைக்கிள் கேட்கும் அதே கால்கள்தாம். குறித்த வேளை, குறித்த இடம், கூடிப்போகும் சனம். பக்தியோடு இவை மூன்றும் சேர்ந்துதான் அவற்றை நடத்துகின்றன. யப்பான் தேசத்தில் 1928ஆம் ஆண்டிலிருந்து வானொலி அப்பியாசம் என்று ஒன்று உண்டு. காலை ஆறரைக்கு வானொலியிற் பியானோ ஒலிக்க, கிழவரும் சிறுவரும் பூங்காக்களிற் கூடிக் கையைக் காலை அசைப்பார்கள். கோடை விடுமுறையில் வரும் பிள்ளைகளுக்கு ஓர் அட்டையில் நாளுக்கொரு முத்திரை குத்துவார்கள். போர் முடிந்தபின் சில காலம் நின்று, 1951இல் மீண்டும் தொடங்கிய அவ்வழக்கம் இன்றும் நடைபெறுகிறது.

என் மகள் தன் கைத்தொலைபேசியை என் சட்டைப்பையில் இட்டு, பத்தாயிரம் அடி வேண்டும் அப்பா என்றாள். அந்தப் பத்தாயிரமும் 1965இல் யப்பானிய நிறுவனமொன்று விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதே. எழுபது வயதை ஒட்டிய பெண்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று, நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களே குறைய நடந்தவர்களைவிடத் தெளிவான நன்மை பெற்றதையும், 7,500 அடியளவில் அந்த நன்மை மட்டுப்பட்டு நின்றதையும் காட்டிற்று. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆவணியிலே தபாலதிபர் பிள்ளைகளோடு இருப்பதற்காகக் கனடாவுக்குப் போய்விட்டார். நம்மூர்ச் சிநேகங்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பொல்லுச் சத்தம் கேளாத முதல் வாரம் நான் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் மனைவி கோப்பையை என் கையிலிருந்து வாங்கிவிட்டு, “நானும் வாறன்” என்றாள்.

இங்கே ஆண் வாசகர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். ‘வீட்டு வேலையே அவளுக்கு அப்பியாசம்’ என்று நானும் பல காலம் சொல்லி வந்தவன். சமையலறையில் நின்றபடி நிற்பது இடுப்பு வலியைத் தருமேயன்றி நெஞ்சைப் பலப்படுத்தாது. அவளுக்கு நேரம் இல்லாமையின் காரணத்தை ஆராய்ந்தபோது அது பெரும்பாலும் நானாக இருந்தது. ஐந்தரைக்கு அவள் படலையைத் தாண்டவேண்டுமாயின், இரவுப் புட்டுக்கு மாக் குழைப்பதை வேறு யாராவது செய்யவேண்டும். இப்போது நான் குழைக்கிறேன். கட்டி படுகிறது என்று அம்மா முறைப்படுகிறார். முதல் நாட்களில், ‘ரீச்சர் எங்கை வெளிக்கிட்டாச்சு?’ என்று வேலிக்கு மேலாகக் கேட்டவர்களில் இருவர் இன்று எங்களோடு நடக்கிறார்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே நான் இன்னும் முழு வெற்றி பெறவில்லை. தீட்டாத சிவப்பரிசிச் சோறு, பாதித் தட்டுக்கு மரக்கறியும் கீரையும், கிழமையில் மூன்று இரவு குரக்கன் புட்டு, இவை பிடிபட்டுவிட்டன. தேநீர்ச் சீனியை ஒரேயடியாக நிறுத்தி இருமுறை தோற்றேன். மூன்றாம் முறை, இரண்டரைக் கரண்டியை இரு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தபோது நாக்கு கவனிக்கவேயில்லை. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “தம்பி, வெறுந் தேத்தண்ணியை எப்படிக் குடிக்கிறது? ஒரு துண்டுப் பனங்கட்டியையாவது கடி” என்பார். பனங்கட்டியும் சீனியே என்று அவருக்கு விளக்குவதை நான் கைவிட்டுவிட்டேன். கலியாண வீட்டுப் பலகாரத்தில் இன்றும் தோற்கிறேன்.

ஏற்கெனவே நீரிழிவோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் நடையைத் தொடங்குங்கள். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். இரவில் யாரையாவது கொண்டு உள்ளங்காலைப் பார்ப்பித்துக் கொள்ளுங்கள். கோயில் வீதியிற் செருப்பணிய மனம் ஒப்பாதவர், திரும்பி வந்ததும் காலைக் கழுவித் துடைத்து விளக்கு வெளிச்சத்திற் பார்க்கட்டும். என் தந்தையாருக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை.

சென்ற முறை எடுத்த பரிசோதனையில் 118 என்பது 104 ஆக இறங்கியிருந்தது. இன்னும் வாசலை விட்டு முற்றாக விலகவில்லை. “நல்லது சேர், விடாதேங்கோ” என்று மட்டும் வைத்தியர் எழுதித் தந்தார்.

பழக்கம் படிந்துவிட்டதா என்று கேட்டால், ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் சொல்கிறேன் என்பேன். வடகீழ்ப் பருவமழை ஒழுங்கையை வாய்க்காலாக்கிவிடும். சென்ற மாரியில், மழை நாட்களில் விறாந்தையிலும் கூடத்திலுமாகக் கூண்டுப் புலிபோல இருபது நிமிடம் நடந்தேன். பேரன்மார் இல்லாத குறையைத் தீர்க்க அடுத்த வீட்டுச் சிறுவர்கள் எனக்குப் பின்னால் இரயில் ஓடினார்கள்.

இதனை எழுதும் இந்நேரம் ஐந்தே முக்கால். நேற்றும் முந்தாநாளும் அடைமழை. விறாந்தை நடையும் நடக்கவில்லை, விடைத்தாள் கட்டுகள் மேசையில் இருந்தன. இன்றும் கட்டுகள் இருக்கின்றன. மழை விட்டிருக்கிறது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மனைவி படலையைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.